குனிய வேண்டியவர் யார்?

பத்தாம் வகுப்பிலே அடக்கமுடைமை என்னும் குறளதிகாரத்தைக் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பின் வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. தந்தையார் பிறர் தோட்டத்திற் கூலிவேலை செய்பவர். “சேர், பணிவா இருக்கச் சொல்லி நீங்களும் சொல்லுறியள், கோயிலிலை சுவாமியும் சொல்லுறார். எங்கட அப்பாவை வேலைக்குக் கூப்பிடுற ஆக்களுக்கு உதை ஆர் சொல்லுறது?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, விடை சொல்லவுமில்லை. பாடம் முடிந்ததற்கான மணி அடித்தது எமக்கு உதவியாயிற்று.

அவ்வினாவைக் குறும்பென்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் அஃது அறவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. பணிவு எல்லார்க்கும் பொதுவான அறமாயின், அது முதலில் யாரை நோக்கிப் பேசவேண்டும்? மேலே இருப்பவனையா, கீழே இருப்பவனையா? பணிவையும் பிறர்க்குத் தொண்டாற்றுதலையும் வாழ்வின் நடுவே வைத்துப் போற்றும் சமயம் கிறிஸ்தவம். ஆதலின் அச்சமயத்தின் மூலநூல்களிலும் வரலாற்றிலும் இவ்வினாவுக்கு விடை தேடுவது பொருத்தமாகும். இத்தேட்டத்திலே நம்பிக்கையுடையோரும் இல்லாதோரும் ஒருங்கே கலந்துகொள்ளலாம்.

முற்போக்குச் சிந்தனையுடைய எம்மவர் பலர்க்குப் பணிவு என்ற சொல்லே கசப்பானது. அக்கசப்புக்குக் காரணம் உண்டு. ஜேர்மானிய தத்துவஞானியாகிய நீட்சே, 1887 இல் வெளியிட்ட நூலொன்றிலே, கிறிஸ்தவ ஒழுக்கத்தை அடிமைகளின் ஒழுக்கமென இகழ்ந்தார். வலியோரை அடக்குதற்கு எளியோர் கண்டுபிடித்த கருவியே பணிவு என்பது அவர் கருத்து. எமது குறை அதற்கு நேர்மாறானது. எளியோரை அடக்குதற்கு வலியோர் கையிற் கொண்ட கருவியாகவே அது பெரும்பாலும் பயன்பட்டிருக்கிறது என்பதே நாம் கண்ட உண்மை.

இதற்குச் சான்று வேண்டுவோர் 1807 ஆம் ஆண்டு இலண்டனில் அச்சாகிய ஒரு நூலை நோக்குக. மேற்கிந்தியத் தீவுகளிலே கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஆபிரிக்க அடிமைகளுக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட வேதாகமப் பகுதிகள் என்பது அந்நூலின் பெயர். புரட்டஸ்தாந்தர் வழங்கும் முழு வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள் உள்ளன. அந்நூலிலோ 232 அதிகாரங்களே இடம்பெற்றன. மோசேயின் தலைமையிலே இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தளையினின்று வெளியேறிய வரலாறு நீக்கப்பட்டது. வேலைக்காரர் எசமானருக்குக் கீழ்ப்படிய வேண்டுமெனப் பவுல் எபேசியர்க்கு எழுதிய பகுதி மட்டும் பத்திரமாக வைக்கப்பட்டது. எதை நீக்குவது, எதை வைப்பது என்று தீர்மானித்த கை நன்கறிந்தே செயற்பட்டது. அடிமை அறியவேண்டிய நற்பண்பு பணிவு. அறியக்கூடாத செய்தி விடுதலை. எம் மாணவனின் ஐயம் அவ்வடிமைகளின் ஐயமுமாகும்.

ஆயின், கத்தரிக்கோல் படாத மூலநூல் என்ன கூறுகிறது? பணிவுக்கு எடுத்துக்காட்டாகக் கிறிஸ்தவர் முதலிற் சுட்டும் நிகழ்ச்சி, யேசு தம் சீடரின் பாதங்களைக் கழுவியமை. நான்கு சுவிசேஷங்களுள் யோவான் ஒருவரே தமது பதின்மூன்றாம் அதிகாரத்தில் இதனைக் கூறுகிறார். மிதியடி அணிந்து புழுதித் தெருவில் நடந்து வருவோரின் காலைக் கழுவுதல் அக்காலத்தில் வீட்டின் கடைநிலை ஊழியனுக்குரிய வேலை. அன்றிரவு அவ்வேலையைச் செய்ய யாரும் எழவில்லை. அதே இராப்போசனத்தின்போது தம்முள் யார் பெரியவர் என்று சீடர் வாதிட்டனர் என லூக்கா எழுதுகிறார். இவ்விரு செய்திகளையும் சேர்த்து நோக்கினால், அவ்வறையின் நிலைமை எமக்கு நன்கு புலனாகும். ஆசிரியர் அறைகளிலும் சங்கக் கூட்டங்களிலும் நாம் நாள்தோறும் காணும் நிலைமைதான் அது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, எழுந்து துண்டை இடுப்பிற் கட்டிக்கொண்டவர் அவ்வறையிலே மிக உயர்ந்த நிலையில் இருந்தவர். தாம் குருவும் ஆண்டவரும் என்பதை அவர் மறுக்கவுமில்லை, அந்நிலையிலிருந்தே குனிந்தார். இரண்டாவது, பேதுரு அதனை ஏற்க மறுத்தார். பெரியவர் சிறியவரின் காலைத் தொடுவதைக் கீழிருப்பவனின் மனமே தாங்குவதில்லை. மேல் கீழ் என்னும் ஒழுங்கு மேலிருப்பவனின் செருக்கில் மட்டும் வாழ்வதன்று. கீழிருப்பவனின் கூச்சத்திலும் அது வேரூன்றி நிற்கிறது. யேசு பேதுருவின் மறுப்பை ஏற்கவில்லை. பின்னர், தாம் செய்தவாறே சீடரும் ஒருவர்க்கொருவர் செய்யவேண்டும் என்றார். ஒருவர்க்கொருவர் என்ற இச்சொல்லே எமக்கு முக்கியமானது. எப்போதும் ஒருவனே குனிந்து, எப்போதும் மற்றவனே காலை நீட்டிக்கொண்டிருந்தால், அதற்குப் பெயர் பணிவு அன்று, ஊழியம்.

ஆதித் திருச்சபையின் வரலாற்றிலே இக்கருத்து நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பதை அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரம் காட்டுகிறது. எருசலேமிலே நாள்தோறும் நடந்த உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் புறக்கணிக்கப்படுகின்றனர் எனக் கிரேக்க மொழி பேசிய யூதர் முறையிட்டனர். பொறுமையாயிருங்கள், பணிவாயிருங்கள் என்று அவர்கட்கு உபதேசம் செய்து அனுப்பியிருக்கலாம். அவ்வாறு நடக்கவில்லை. பங்கீட்டை மேற்பார்க்க எழுவர் தெரிவுசெய்யப்பட்டனர். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. முறையிட்ட பக்கத்தாரிடமே அகப்பை கொடுக்கப்பட்டது எனலாம். தொண்டு என்ற சொல்லுக்கு இதனைவிடத் தெளிவான உரையை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

காலப்போக்கிலே பாதங்கழுவுதல் பெரிய வியாழனன்று நடைபெறும் சடங்காயிற்று. இங்கிலாந்தின் அரசர் முற்காலத்தில் அந்நாளில் ஏழைகளின் பாதங்களைக் கழுவினர். பின்னர் அவ்வழக்கம் ஒழிந்து, தம் வயதின் எண்ணிக்கைக்கேற்ற முதியோர்க்கு நாணயம் வழங்கும் வழக்கமாக அது சுருங்கிற்று. 1848 முதல் 1916 வரை ஆண்ட ஒஸ்திரியப் பேரரசர் பிரான்சு யோசேப்பு, அரண்மனையிலே ஆண்டுதோறும் பன்னிரு முதிய ஏழைகளின் பாதங்களைக் கழுவிவந்தார். ஆண்டில் ஒரு நாள் பேரரசர் குனிந்தார். எஞ்சிய நாள்களிலெல்லாம் நாடு அவர்முன் குனிந்தது. 2013 இல், பாப்பரசர் பிரான்சிஸ் இச்சடங்கை உரோமாபுரியில் இளங்குற்றவாளிகளின் சிறையொன்றிலே நடத்தினார். அவர் பாதங்கழுவிய பன்னிருவருள் பெண்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவர் முஸ்லிம். சடங்கின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தோரை அவர் உள்ளே அழைத்தார், அதனை மதிக்கவேண்டும். எனினும் அன்று மாலையும் சிறைக்கதவு பூட்டியே இருந்தது. சடங்கு ஒரு திசையைக் காட்டலாம். அத்திசையில் நடந்து தீரவேண்டியது வேறு வேலை.

அவ்வாறு நடந்த ஒருவரை எமது மண்ணின் வரலாற்றிலேயே காட்டலாம். 1847 இல் அமெரிக்க மிசனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, இளைஞர்க்கு மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எம் கவனத்துக்குரியது அவர் தொண்டாற்றிய முறை. ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்வதையும், கிராமத்து நோயாளி வைத்தியரின்றியே கிடப்பதையும் அவர் கண்டார். 1860 களிலே கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். நோயாளியின் மொழியை வைத்தியன் கற்பதோடு அமையாது, வைத்தியக் கலையே நோயாளியின் மொழிக்கு இறங்கி வரவேண்டும் என்பது அதன் பொருள். அவரும் அவருடைய தமிழ் மாணாக்கரும் சேர்ந்து உழைத்தமையால் 1867 இல் இரண வைத்தியமும், 1875 இல் கெமிஸ்தமும், வேறு பல நூல்களும் தமிழில் வெளிவந்தன. அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் வைத்தியம் பயின்றனர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர்கள். மாணாக்கர் கிறிஸ்தவராவதை விரும்பிய அவர், அவர்கள் உடையிலும் உணவிலும் ஐரோப்பியராக மாறுவதை விரும்பவில்லை. 1873 இல் தாய்நாடு திரும்பிய பின்னரும், 1884 இல் இறக்கும்வரை தமிழ் நூல்களுக்காகவே உழைத்தார்.

கிறீனின் கருணையைப் பாராட்டுவது எமது நோக்கமன்று. கருணையுள்ள துரைமார் பலர் இருந்தனர். தாம் இல்லாதபோதும் மானிப்பாயில் நோய் தீரவேண்டும் என்று எண்ணி, அதற்கான அறிவைப் பிறர் கையிற் கொடுத்துவிட்டுப் போனமையே அவருடைய பணிவு. தொண்டு பெற்றவன் தொண்டனைத் தேவையின்றி ஆக்கும் நிலைக்கு உயர்கிறானா என்பதே தொண்டின் உரைகல். அவர் தொடக்கிய தமிழ்வழி வைத்தியக் கல்வி நீடிக்கவில்லை. உத்தியோகமும் மதிப்பும் ஆங்கிலத்தோடு பிணைந்திருந்த சமுதாயத்திலே ஒரு தனிமனிதரின் பணிவு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதையும் அத்தோல்வி எமக்குக் கற்பிக்கிறது. மனம் மாறினால் மட்டும் போதாது, அமைப்பும் மாறவேண்டும்.

அமைப்பை மாற்ற முனைந்தபோது இங்கே என்ன நடந்தது? 1930 ஆம் ஆண்டையொட்டி, அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என்ற விதி வந்தபோது, யாழ்ப்பாணத்தில் எதிர்ப்பு மூண்டது, பாடசாலைகள் தீக்கிரையாயின. அதுவரை நிலத்தில் அமர்த்தப்பட்டிருந்த பிள்ளைகளிடம் பணிவுக்குக் குறைவிருக்கவில்லை. குறைவு வாங்கிலே அமர்ந்திருந்தோரிடம் இருந்தது. சாதிக்கேற்ப இடம் வகுக்கும் வழக்கம் தேவாலயங்களையும் விட்டுவைக்கவில்லை. சீடரின் காலைக் கழுவியவரின் பெயரால் எழுந்த கட்டடத்துள்ளேயே, ஒருவனுடைய இடம் கடைசி வரிசை என்று தீர்மானிக்கப்பட்டது.

பிறரைச் சுட்டிய விரலை இனி எம்மை நோக்கித் திருப்புவோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலையில் வறிய மாணவர்க்கு அப்பியாசக் கொப்பிகள் வழங்கும் விழா நடந்தது. பட்டியலைத் தயாரித்தவர் நாம்; ஒலிவாங்கியில் பெயர்களை வாசித்தவரும் நாம். ஒவ்வொரு பிள்ளையும் மேடைக்கு வந்து, பிரமுகர்முன் குனிந்து, கொப்பிக்கட்டைப் பெற்று, புகைப்படத்துக்காகச் சிறிது நேரம் அவ்வாறே நின்று சென்றது. அன்று எமக்குப் பெரும் மனநிறைவு. பின் வாங்கிலிருந்து வினா எழுப்பிய மாணவனும் அவ்வரிசையில் வந்தவன் என்பது, அவன் வினாவைக் கேட்ட அன்றிரவுதான் எமக்கு நினைவுக்கு வந்தது. கொப்பி அவனுக்குத் தேவையாயிருந்தது. ஊரார் முன்னிலையில் தன் வறுமையைக் காட்டி அவன் அதனை வாங்கவேண்டியிருந்ததற்கு எத்தேவையும் இருக்கவில்லை. அத்தேவை எம்முடையது. அன்று தொண்டு செய்ததாக எண்ணியிருந்தோம். அவனைக் குனியவைத்து எமது உயரத்தை அளந்துகொண்டோம் என்பதே உண்மை.

அடுத்த பாடத்தில் அதே அதிகாரத்தை மீண்டும் எடுத்தோம். பணிவு எல்லார்க்கும் நன்று எனப் பொதுவாகக் கூறிய வள்ளுவர், அக்குறளிலேயே செல்வரைத் தனியே பிரித்துச் சுட்டுகிறார். முதல் நாள் நாம் விரைந்து கடந்துவிட்ட குறள் அது. அதனை நிறுத்தி விளக்கினோம். பாதங்கழுவிய கதையையும் சொன்னோம். அவ்வறையிலே துண்டைக் கட்டிக்கொண்டவர் யார் என்பதை மாணவரே சொல்லுமாறு கேட்டோம். பின்னர் அம்மாணவனிடம், “தம்பி, நீ கேட்டது சரி. அது முதலிலை அவையளுக்குத்தான் சொல்லவேண்டியது, எங்களுக்கும் சொல்லவேண்டியது” என்றோம். அவன் சிறிது யோசித்துவிட்டு, “அப்ப ஆர் சேர் போய்ச் சொல்லுறது?” என்றான்.

இம்முறை வகுப்புச் சிரிக்கவில்லை. அடுத்த தவணையிலிருந்து கொப்பிகள் மேடையேறாமல், பெயர் வாசிக்கப்படாமல், வகுப்பு அலுமாரியில் வைக்கப்பட வேண்டுமென்றும், அவற்றைப் பங்கிடும் பொறுப்பு மாணவரிடமே விடப்பட வேண்டுமென்றும் ஆசிரியர் கூட்டத்திலே கேட்டோம். சிலர் உடன்பட்டனர், விழாவின்றிக் கொடையாளர் வரமாட்டார் என்றனர் வேறு சிலர். விவாதம் இன்னும் முடியவில்லை. தோட்டச் சொந்தக்காரரிடம் போய்ச் சொல்வது இதனினும் கடினம். அங்கே ஒருவர் தனியே சென்று பயனில்லை. கூலிக்கு உழைப்போர் ஒன்றுகூடிச் சொல்லும்போது அதனைச் செருக்கென்று பழிப்போர் இருப்பர். அப்பழிப்பு எழும் நாளிலே, கற்பிக்கும் தொழிலுடைய நாம் எப்பக்கத்தில் நிற்போம் என்பதைப் பொறுத்தே எமது பணிவு மெய்யோ பொய்யோ எனத் தெரியவரும்.