நேரு கண்ட அவகாசம்

1928-ஆம் ஆண்டுக் கோடையில், காங்கிரஸ் மகாசபையின் காரியங்கள் ஓயாது நெருக்கிய காலத்திலும், அலகாபாத்திலிருந்த ஜவஹர்லால் நேரு, முஸ்ஸோரி மலையில் தங்கியிருந்த தம் 10 வயதுப் புதல்விக்கு, உலகத்தின் உற்பத்தியையும் ஆதி மனிதரின் வாழ்வையும் விளக்கி 30 கடிதங்கள் எழுதினார். பின்னர், 1930 முதல் 1933 வரை எழுதிய சரித்திரக் கடிதங்களுக்குச் சிறைவாசத்தின் தனிமை துணைநின்றது என்றேனும் சொல்லலாம். முந்தியவற்றுக்கு, மகளிடம் கொண்ட வாத்ஸல்யத்தைத் தவிர வேறு அவகாசம் ஏது? தூரதேசத்தில் உற்றார் பிரிந்து வாழ்வது சகஜமாகிவிட்ட இந்நாளில், க்ஷேம விசாரணையைப் பண்டிகை தினங்களுக்கென்று ஒதுக்கிவைப்பது நியாயமன்று. இன்றிரவு, மற்ற வேலைகளைச் சற்றே ஒத்திவைத்து, தொலைவிலிருக்கும் அன்னைக்கோ தமையனுக்கோ, சுகமா என்று வினவுவதோடு நில்லாமல், நீங்கள் கண்டதையும் நினைத்ததையும் விஸ்தாரமாகச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதையும் பொறுமையோடு கேளுங்கள்.