அருகில் நின்றவரின் மௌனம்

பெருவிரலை இழந்தவருக்கு உழைக்கும் திறனில் நூற்றுக்கு 30 குறைந்தது. சுட்டுவிரலை முழுதும் இழந்தவருக்கு 14. இந்தியாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இவ்வாறு அட்டவணை வகுத்தது. இக்கணக்கைக் கொடூரம் என்பாரும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அளவு குறிக்கப்பட்டதனாலன்றோ இழப்பீடு முதலாளியின் இரக்கமாக இல்லாமல் தொழிலாளியின் உரிமையாயிற்று! தவறு யாருடையது என்றுகூட அச்சட்டம் பெரும்பாலும் கேட்கவில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்ததா என்பதையே கேட்டது.

ஆனால் ஆணையர் முன் விசாரணை தொடங்கியதும் பலமுறை எழுந்த மறுப்பு வேறு: “இவர் என் தொழிலாளியே அல்லர்.” வருகைப் பதிவேட்டில் பெயர் இராது, கூலிக்குச் சீட்டு இராது. காயத்துக்கு மருத்துவர் சான்று தருவார். வேலைக்கு யார் தருவார்? பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் ஒருவரே. அவரோ அதே முதலாளியிடம் இன்னும் கூலி வாங்குபவர்.

அவர் பேசினால் அவர் வீட்டு அடுப்பு அணையலாம். பேசாவிடில் தோழர் வீட்டு அடுப்பு அணையும். அந்த மௌனத்தைப் பொய்ச்சாட்சி என்று பழித்துவிட நம்மில் யாருக்குத் துணிவு உண்டு? உண்மை பேசும் கடமை எல்லார்க்கும் ஒன்றுதான். அதற்காகக் கொடுக்க வேண்டிய விலை ஒன்றன்றே. சாட்சியை வரவழைக்கும் அதிகாரத்தைச் சட்டம் ஆணையருக்கு அளித்திருந்தது. சாட்சி சொன்னவருக்கு மறுநாள் காலை ஆலையின் கதவு திறக்குமா என்பதை அழைப்பாணையில் யாரும் எழுதவில்லை.