நினைவு ஓர் அமானிதம்

மகிழ்ச்சியான சிறுபராயம் ஒன்று வாய்க்கப்பெற்ற மனிதன், அதற்காக யாருக்கேனும் கடன்பட்டிருக்கிறானா? செல்வம் சேர்ந்தால் ஸகாத் உண்டு. கல்வி கிடைத்தால் அதை மறைக்காமல் பிறருக்குக் கொடுக்கும் பொறுப்பு உண்டு. இனிய நினைவுகளுக்கு மட்டும் எந்தக் கணக்கும் கிடையாது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அதனால்தான் 'அந்தக் காலம்' பற்றி எழுதப்படும் நமது எழுத்துகள் பெரும்பாலும் ஒரு பெருமூச்சுடன் முடிந்துவிடுகின்றன. இந்தப் பெருமூச்சு போதுமா என்பதே இங்கு என் கேள்வி.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வட கிழக்கிலுள்ள குளிர்ப் பிரதேசங்களில், ஒரு தலைமுறைக்கு முன்னர் ஊருக்கு ஊர் சிறுசிறு பனிச்சறுக்கு மேடுகள் இருந்தன. 1934ஆம் ஆண்டு வெர்மொன்ட் மாநிலத்தின் வூட்ஸ்ரொக் என்ற ஊரில், ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலத்தில், பழைய ஃபோர்ட் கார் ஒன்றின் எஞ்சினால் இழுபடும் கயிறொன்றை அமைத்தார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போவது, பனியில் சறுக்கிக் கீழே வருவது. அவ்வளவுதான் விஷயம். அதைப் பார்த்து எத்தனையோ ஊர்களில் இத்தகைய மேடுகள் உருவாயின. பின்னர் பெருந்தெருக்கள் வந்து பெரிய மலைகளிலுள்ள உல்லாச விடுதிகளை அருகாக்கின. காப்புறுதிக் கட்டணம் ஏறியது. பனிக்காலம் வெப்பமாகியது. செயற்கைப் பனி தூவும் இயந்திரங்களை வாங்கச் சிறியவர்களிடம் பணம் இருக்கவில்லை. நூற்றுக்கணக்கான மேடுகள் மூடப்பட்டு, இன்று காடு வளர்ந்து கிடக்கின்றன. அங்கே விளையாடிய பிள்ளைகள் முதியவர்களாகி, மூடப்பட்ட மேடுகளின் பெயர்களைத் தேடிப் பட்டியலிடுகிறார்கள்.

பனியைக் கண்ணால் காணாத நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அவர்கள் எதை இழந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பனியை இழக்கவில்லை; உயரத்தையும் இழக்கவில்லை. பெரிய மலைகள் இன்னும் இருக்கின்றன. இழந்தது அருகாமையை. பாடசாலை விட்டதும் ஒரு பிள்ளை தன் காலால் நடந்து போய், பெரியவரின் பணப்பையை எதிர்பாராமல் விளையாடக்கூடிய இடத்தை. சிறிய இடங்களின் சிறப்பு அவற்றின் சிறுமையிலேயே இருக்கிறது.

கொள்ளுப்பிட்டியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அப்படியோர் இடம் காலிமுகத்திடல். காலி வீதியால் வடக்கே நடந்தால் போதும். கடலும் காற்றும் புல்தரையும் காசில்லாமல் கிடைக்கும். ஓகஸ்ட் மாதக் காற்றில் பட்டம் விட்டோம். நூல் அறுந்தால், பட்டம் போன திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் விளையாட்டின் ஒரு பகுதிதான். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வாப்பா இறால் வடை ஒன்றை வாங்கி இரண்டாகப் பிய்த்துத் தருவார். பெருநாள் தொழுகைக்கு அதே புல்தரையில் பாய் விரித்து நின்றோம். விளையாடிய இடத்திலேயே நெற்றி பதித்ததால், விளையாட்டும் வணக்கமும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் எங்கள் மனதில் ஏற்படவே இல்லை.

அந்தத் திடலின் கடலோர நடைபாதையில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் ஆரம்பித்து 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக, தனக்குப் பின் வருவோரின் பொறுப்பில் அதை அவர் விட்டுச் செல்வதாக அக்கல் சொல்கிறது. அவர் மனதில் இருந்த பெண்களும் பிள்ளைகளும் எந்த நிறத்தினர் என்று நாம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். குடியேற்ற ஆட்சியாளரின் தாராளத்தைப் புகழ்வது என் நோக்கமன்று. ஆனால் தான் அனுபவித்த ஓர் இடத்தைத் தனக்குப் பின்னால் வருவோரிடம் ஒப்படைக்கும் அந்த வாசகத்தின் அமைப்பு நமக்கு மிகவும் பழக்கமானது. அதற்கு நமது மொழியில் அமானிதம் என்று பெயர்.

அமானிதம் என்றால் அதன் பொருள் முதலில் மதிப்புள்ளதாக இருக்க வேண்டும். விளையாட்டு அத்தகையதா? நமது சமூகத்தில் பலர் விளையாட்டைப் பிள்ளைக்குக் காட்டும் சலுகையாகவே கருதுகிறார்கள். ஆனால் நபி (ஸல்) அவர்களின் வாழ்வு வேறொன்றைக் காட்டுகிறது. தொழுகையில் ஸுஜூதில் இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டது. பிள்ளை ஆசை தீர இறங்கும்வரை அவர்கள் ஸுஜூதை நீட்டினார்கள். அபிசீனியர்கள் பெருநாளன்று பள்ளிவாசலில் ஈட்டிகளோடு விளையாடியபோது, ஆயிஷா (ரழி) அவர்கள் தாமாகவே போதும் என்று நினைக்கும்வரை அதைப் பார்த்திருக்க இடமளித்தார்கள். இறந்துபோன தன் சிறு குருவிக்காகக் கவலைப்பட்ட அபூ உமைர் என்ற சிறுவனிடம் அந்தக் குருவியைப் பற்றி விசாரித்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ, பாடம் முடிந்த பின் பிள்ளையை நல்ல விளையாட்டில் ஈடுபட விடவேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிக்க வைப்பது பிள்ளையின் இதயத்தையே சாகடிக்கும் என்றும் இஹ்யாவில் எழுதிச் சென்றார்கள். பிள்ளையின் விளையாட்டுரிமையைப் பேசும் 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்டது. அதற்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே நமது கிதாபுகளில் இந்தக் கருத்து இருந்திருக்கிறது.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழலாம். இரண்டும் பலமானவை.

முதலாவது, இனிய நினைவு நம்பத்தக்க சாட்சியன்று. எனது பட்டம் பறந்த அந்த ஆண்டுகள் யுத்த ஆண்டுகள். காலி வீதியில் சோதனைச் சாவடிகள் இருந்தன. 1997 ஒக்டோபரில் திடலின் வட எல்லைக்கு அப்பால், கலதாரி ஹோட்டல் வாகனத் தரிப்பிடத்தில் குண்டு வெடித்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர், அடையாள அட்டையைத் தொட்டுப் பார்க்காமல் மாலையில் வெளியே கிளம்பியதில்லை. அவர்களுக்கும் எங்களுக்கும் அதே கடல்தான்; ஆனால் அதே மாலையல்ல.

வீட்டுக்குள்ளேயும் இதே கதைதான். திடலைப் பற்றி ராத்தாவிடம் பேசினால் அவர் சொல்வது வேறு. "நீ நெனச்ச நேரமெல்லாம் போன. நான் பன்ரெண்டு வயசோட நின்ட. நீ எழுதுறதா இருந்தா அதையும் சேத்து எழுது." பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்கென்று கல்லில் வெட்டப்பட்ட இடம், ஒரு பெண்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் முடிந்துவிட்டது. அதைத் தடுத்தது தேசாதிபதியுமல்ல, இராணுவமுமல்ல. அவர் வீட்டு யன்னலால் கடலைப் பார்த்தார். நாங்கள் போய்த் தொட்டோம்.

ஆகவே நினைவைக் கைவிட வேண்டுமா? அப்படியல்ல. நமது முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஹதீஸ் கலையில் ஓர் அறிவிப்பாளரின் நினைவை மட்டும் நம்பி அவர்கள் நின்றுவிடவில்லை. அவர் அறிவித்ததைப் பிறர் அறிவித்ததோடு ஒப்பிட்டார்கள். எவர் எங்கே நின்று பார்த்தார் என்று விசாரித்தார்கள். நமது சிறுபராயத்துக்கும் அந்த விசாரணை பொருந்தும். எனது நினைவோடு ராத்தாவின் நினைவையும், வெள்ளவத்தை நண்பனின் நினைவையும் பக்கத்தில் வைக்கும்போதுதான் அது பொய்யிலிருந்து தப்புகிறது. அப்போது நினைவு நமக்குச் சொல்வது "எல்லாம் நன்றாக இருந்தது" என்பதல்ல. "இந்த நன்மை எல்லோருக்கும் கிடைத்திருக்க வேண்டும்" என்பதே. கடமை இங்கிருந்துதான் பிறக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம், ஒவ்வொரு தலைமுறையும் தன் காலமே பொற்காலம் என்று புலம்புவது வழக்கம்; இன்றைய பிள்ளைகளுக்கு அவர்களுடைய மகிழ்ச்சிகள் உண்டு. இது உண்மைதான். நாம் விட்ட பட்டத்தை அவர்களும் விட வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையில்லை. ஆனால் ரசனை மாறுவது வேறு, வாய்ப்பு பறிபோவது வேறு. கையடக்கத் தொலைபேசியில் விளையாடும் பிள்ளை மைதானத்தை மறுத்துவிட்டு அதில் விளையாடுகிறதா, மைதானமே இல்லாததால் விளையாடுகிறதா என்று கேட்டால், பல ஊர்களில் பதில் வெளிப்படை.

நான் கற்பிக்கும் கிராமத்தில் பிள்ளைகளுக்கு ஒரு சறுக்கு விளையாட்டு உண்டு. விழுந்த கமுக மட்டையில் ஒரு பிள்ளை உட்கார, இன்னொரு பிள்ளை ஓலைப் பக்கத்தைப் பிடித்து இழுக்கும். மேடு கிடைத்தால் இழுக்க ஆளும் தேவையில்லை. மட்டை தானாகவே வழுக்கி இறங்கும். வெர்மொன்டின் பனியும் எங்கள் ஊரின் செம்மண்ணும் இந்த இடத்தில் ஒன்றுதான். சில வருடங்களுக்கு முன்னர் அந்த மேட்டுக் காணியைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. காணிச் சொந்தக்காரர் தன் உரிமையைச் செய்தார். அவரைக் குறைகூற முடியாது. ஆனால் ஊரில் எவரும் அதை ஓர் இழப்பாகக் கருதவில்லை என்பதே என்னை வருத்தியது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளை பாடசாலை விட்டதும் டியூஷனுக்குப் போகிறது. விளையாட நேரமே இல்லாத பிள்ளைக்கு மேடு எதற்கு என்று பெரியவர்கள் நினைத்திருக்கலாம். இடத்தைப் பறிப்பதற்கு முன் நேரத்தைப் பறித்துவிட்டால், இடம் போனது எவருக்கும் தெரிவதில்லை.

கொழும்பிலும் இதையே காண்கிறோம். காலிமுகத்திடல் இன்று ஏறத்தாழ 5 ஹெக்டேயர். அதன் அருகே கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுக நகரம் 269 ஹெக்டேயர். வேலை தொடங்கியது 2014 செப்டெம்பரில். கடலையே தரையாக்கும் வல்லமை நம் காலத்துக்கு இருக்கிறது. அதே வேளை, 2022 ஏப்ரலில் அந்தச் சிறு திடலுக்கு நாடே திரண்டு வந்ததையும் பார்த்தோம். றமழான் மாதத்து மாலைகளில் பௌத்தரும் கிறிஸ்தவரும் இந்துக்களும் சூழ அமர்ந்திருக்க, முஸ்லிம்கள் அங்கே நோன்பு திறந்தார்கள். மே 9ஆம் திகதி அந்தக் கூடாரங்கள் தாக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழையக்கூடிய ஓர் இடம் இருந்ததால்தான், ஒருவரையொருவர் அறியாதவர்கள் அங்கே ஒரே பேரீச்சம்பழப் பொதியைப் பகிர முடிந்தது.

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்று ஒரு நபிமொழி சொல்கிறது. பாலைவன வாழ்வில் உயிர் தரிக்கத் தேவையானவை அவை. ஒரு பிள்ளையின் உள்ளம் உயிர் தரிக்கத் தேவையான புல்லையும் அந்தப் பங்கில் சேர்த்து எண்ணுவது தவறாகாது என நினைக்கிறேன். நமது முன்னோர் கிணற்றையும் காணியையும் பள்ளிவாசலுக்கு வக்பு செய்தார்கள். விளையாட ஒரு துண்டு நிலத்தை வக்பு செய்தால் அது ஸதகத்துல் ஜாரியாவில் சேராதா?

செய்யக்கூடியவை பெரியவையல்ல. மாலை நேரத்தில் பாடசாலை மைதானத்தின் கதவைப் பூட்டாமல் விடலாம். பள்ளிவாசல் வளவின் வெறும் மூலையைப் பிள்ளைகளுக்கு விடலாம். வாரத்தில் ஒரு மாலையேனும் டியூஷன் இல்லை என்று பெற்றோர் கூடித் தீர்மானிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு நேரத்தையும் இடத்தையும் நாமே ஒதுக்கலாம். அவர்களின் விளையாட்டு பன்னிரண்டு வயதில் முடிய வேண்டும் என்று எந்த மார்க்கச் சட்டமும் சொல்லவில்லை. நமது வசதியீனமே அப்படிச் சொல்கிறது.

தனக்குக் கிடைத்த நல்ல மாலைகளை நினைத்து மகிழ்வது பாவமல்ல. அது நன்றியின் ஆரம்பம். ஆனால் அமானிதப் பொருளை எடுத்துப் பார்த்து ரசித்துவிட்டு மீண்டும் பெட்டியில் வைத்துப் பூட்டுபவனை நாம் நன்றியுள்ளவன் என்று அழைப்பதில்லை. உரியவரிடம் ஒப்படைப்பவனையே அப்படி அழைக்கிறோம். உரியவர்கள் இப்போது நமது வகுப்பறைகளில், மணியடிக்கும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.