பம்ப் மாறினால் கார் மாறுமா?

ஹைதராபாத்தின் கொண்டாப்பூர்ச் சாலைகளில் இன்று ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஃப்யூயல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. ஓட்டுகிறவர் அதைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. ஹைடெக் சிட்டிக்கு அருகே, மென்பொருள் அலுவலகங்களுக்கு நடுவில் பழைய அம்பாசடரைப் பேணி வருகிறவருக்கு அப்படியல்ல. அவர் காரில் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டில் பூட்டப்பட்டிருக்கும். கேம்ஷாஃப்ட் சுற்றச் சுற்ற ஒரு நெம்புகோல் அசைந்து உள்ளிருக்கும் டயாஃபிரத்தை இழுக்கும். பெட்ரோல் கார்பரேட்டருக்கு ஏறும். டயாஃபிரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். மாற்றாமல் இருக்க முடியாது. எதைக் கொண்டு மாற்றுவது, மாற்றிய பின் அது அதே கார்தானா என்ற கேள்விகள் அங்கே எழுகின்றன.

இரண்டாவது கேள்வி இந்தியாவில் மிகப் பழையது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க அரசர் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர், அரசர் ஏறி வந்த தேரைக் காட்டியே வாதிட்டதாக ‘மிலிந்த பன்ஹா’ சொல்கிறது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் தேர் அல்ல. இவை கூடி நிற்பதைத்தான் தேர் என்கிறோம். அதற்கு அப்பால் தேர் என்று ஒரு பொருள் கிடையாது. நியாய வைசேஷிகர் இதை ஏற்கவில்லை. உறுப்புகளில் தங்கி நிற்கும் முழுமை தனியான, மெய்யான பொருள் என்றார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது: ஒரு நூலை உருவினாலே பழைய துணி அழிந்து வேறொரு துணி பிறக்கிறது. அவர்கள் கணக்கில், பம்ப்பைக் கழற்றிய கணமே பழைய அம்பாசடர் இல்லை.

கழற்றிய பகுதி என்ன ஆகிறது? பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இதைக் கேட்டார்: பலகை பலகையாகப் புதுப்பிக்கப்பட்ட தீசியஸின் கப்பலிலிருந்து எடுத்த பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால், எது அசல்? காஞ்சிபுரத்தாருக்கு இது வெறும் கற்பனை அல்ல. வரதராஜர் கோயிலின் பழைய மூலவரான அத்திமரத் திருமேனி, அத்திவரதர், அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கிறது. கருவறையில் நிற்பது கல் திருமேனி. 1979க்குப் பிறகு 2019இல் அத்திவரதர் வெளியே வந்தபோது பக்தர்கள் வரிசையில் நின்றார்கள். கருவறையில் இருப்பவர் வரதர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பழைய பொருளுக்கு உரிய மரியாதை வேறு, நடந்துகொண்டிருக்கும் பணிக்கு உரிய மரியாதை வேறு. இரண்டையும் ஒருசேரக் காக்க முடியும்.

பட்டறையில் இந்த வேறுபாடு மிகவும் பயன்படும். அசல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர், பெட்டி பிரிக்காத பழைய பம்ப்பைத் தேடிப் பிடிப்பார். அதன் ரப்பர் எத்தனாலை அறியாத காலத்தது. 2025இல் நம் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. அந்த ரப்பர் ஊறி உப்பிக் கெட்டுப்போகும். புதியதே மேல் என்பவர் இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப்பை மாட்டினால் இன்னும் ஆபத்து. கார்பரேட்டரின் நீடில் வால்வு பொதுவாகத் தாங்குவது 2 முதல் 4 பிஎஸ்ஐ அழுத்தம். அந்தப் பம்ப்புகள் தருவதோ பெரும்பாலும் 40க்கு மேல். பெட்ரோல் வழிந்து சூடான எஞ்சின் மேல் கொட்டும்; தீப்பிடிக்கவும் கூடும்.

நாகசேனர் பக்கமே நியாயம் அதிகம். பம்ப் அம்பாசடருக்கு உரியதாவது வயதால் அல்ல, மற்ற உறுப்புகளோடு பொருந்துவதால். பழைய பம்ப்பின் உடலுக்குள் எத்தனால் தாங்கும் டயாஃபிரத்தைப் போடுவதே நேர்மையான முதல் வழி. ஹைதராபாத்தின் மே மாத வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி அடிக்கடி நின்றால், குறைந்த அழுத்த மின்பம்ப் வைக்கலாம். அதற்குத் தள்ளத்தான் நன்றாக வரும், இழுக்க வராது. ஆகவே டேங்குக்கு அருகில், தாழ்வாகப் பொருத்த வேண்டும். மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச் கட்டாயம். புதுத் துளைகளைக் கூடியவரை தவிர்த்து, பழைய பம்ப் இருந்த இடத்தைத் தகடு போட்டு மூடி, கழற்றியதைத் துடைத்துப் பத்திரப்படுத்தினால், அடுத்த உரிமையாளர் விரும்பும்போது திரும்பப் பூட்டிக்கொள்ளலாம்.