ஆணியும் கயிறும்

சென்ற ஆண்டு ஒரு ஹைஹாட் ஸ்டாண்டைத் தேர்ந்தெடுத்து வாங்கித் தரும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. இப்பக்கங்களில் எழுதத் தகுந்த விஷயமா இது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இதைவிட எடை குறைந்த விஷயங்களை இதைவிடக் கனமான சொற்களில் நாம் எழுதி வந்திருக்கிறோம் என்பதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

நொச்சிக்குப்பத்துக் குடியிருப்பு ஒன்றின் மொட்டைமாடியில் டிரம்ஸ் பழகும் ஒரு பையன். தகப்பனார் கடலுக்குப் போகிறவர். பையன் ஒரு மெல்லிசைக் குழுவில், கல்யாண ரிசப்ஷன்களுக்கும் கோவில் திருவிழாக்களுக்கும் வாசிக்கிறான். பல கை மாறி வந்த செட்டு. ஹைஹாட் ஸ்டாண்டுக்குள் இருந்த சுருள்வில்லை உப்புக்காற்று தின்றுவிட்டது. மிதித்தால் மேல்தட்டு இறங்கும், மறுபடி எழாது. கலங்கரை விளக்கம் வரை காலையில் நடக்கப்போய் அவனுக்குப் பழக்கமானவன் நான். கல்லூரி நாட்களில் நாலு வருஷம் டிரம்ஸ் தட்டியவன் என்று எப்போதோ சொல்லிவைத்திருந்ததால் என்னை நிபுணன் என்று நம்பினான். பணமும் நானே தருகிறேன் என்றேன். சொன்ன கணத்தில் எனக்குள் ஏற்பட்ட சந்தோஷத்தை அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வாசிப்பவரின் இடதுபக்கம், ஒரு கம்பத்தின் உச்சியில், இரண்டு வெண்கலத் தட்டுகள் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்தபடி இருக்கும். பெரும்பாலும் 14 அங்குல விட்டம். கீழ்த்தட்டு ஒரு கிண்ணத்தின் மேல் மல்லாந்து கிடக்கும். மேல்தட்டை ஒரு மெல்லிய கம்பி கவ்வியிருக்கும். அந்தக் கம்பி குழாய்க்குள் இறங்கி, அடியில் மிதிபலகையோடு சங்கிலியால் பிணைந்திருக்கும். இடது காலால் மிதித்தால் தட்டுகள் மூடும், 'சிக்' என்று ஒரு சின்ன ஓசை. காலைத் தளர்த்தினால் சுருள்வில் மேலே தள்ளும். நம் ஜால்ராவைக் காலுக்கு மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தமிழில் அந்தத் தட்டுக்கும் தாளம் என்றுதான் பெயர். காலத்தை அளக்கும் ஒழுங்குக்கும் தாளம் என்றுதான் பெயர். கருவியும் அது காக்கும் நியதியும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. ஆனால் அதைப் பிடிக்கிறவனை நாம் எங்கே வைத்தோம்? நாதஸ்வரக் கோஷ்டியில் தாளம் போடுகிறவர் கடைசி ஆள். ஜால்ரா என்பது பேச்சுவழக்கில் வசவு. மேற்கில் நடந்தது வேறு மாதிரி. பேண்டு வாத்தியத்தில் பெரிய டிரம்முக்கு ஒருவன், சின்னதற்கு ஒருவன், தட்டுக்கு ஒருவன் என்று நின்றிருந்தார்கள். 1909-ல் லுட்விக் சகோதரர்கள் விற்கத் தொடங்கிய மிதிகட்டை பெரிய டிரம்காரனை ஒரு வலது காலாக்கியது. 1920களில் தட்டுக்காரன் இடது காலானான். முதலில் கணுக்கால் உயரத்தில் தரையோடு தரையாக இருந்த ஜோடி, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் குழாய் நீண்டு கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது. 1930களில் கௌண்ட் பேஸியின் குழுவில் ஜோ ஜோன்ஸ் காலப்பிரமாணத்தின் பாரத்தைப் பெரிய டிரம்மிலிருந்து எடுத்து இதன்மேல் வைத்தார். மூன்று பேர் கூலி ஒரு உடம்பில் மிச்சமாயிற்று என்று சொல்லலாம். ஒரு உடம்பு மூன்று பேராக விரிந்தது என்றும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் இடது கால் கவனிக்கப்படாத கால்தான். இளையராஜாவின் பாட்டுகளில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்து 2020-ல் மறைந்த புருஷோத்தமனின் ஹைஹாட்டை இந்தக் குப்பத்து டிரான்சிஸ்டர்கள் எத்தனை ஆயிரம் தடவை ஒலித்திருக்கும். பாட்டை முணுமுணுக்கிறவன் அதை முணுமுணுப்பதில்லை.

கடைக்கு இருவருமாகப் போனோம். கடைசியில் இரண்டு ஸ்டாண்டுகள் எஞ்சின. ஒன்று கால்களுக்கு ஒற்றைப் பட்டை வைத்தது, மூன்று கிலோ இருக்கலாம். மற்றது இரட்டைப் பட்டை, ஏறக்குறைய இரு மடங்கு கனம், விலையும் அப்படியே. எதைப் பார்க்க வேண்டும் என்று பையனுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். குழாயைப் பிடித்து ஆட்டினால் மூட்டில் கடகடக்கக் கூடாது. சுருள்வில்லின் விறைப்பைக் கூட்டவும் குறைக்கவும் வழி இருக்க வேண்டும். கீழ்க்கிண்ணத்தில் தட்டைச் சற்றே சாய்க்க ஒரு திருகு அவசியம், ஏனென்றால் இரண்டு தட்டுகளும் மிகச் சரியாகப் பொருந்தினால் நடுவே காற்று அடைபட்டு ஓசை செத்துவிடும். (பொருத்தம் பூரணமானால் ஓசை எழாது என்பதைக் கவிஞர்கள் தம் விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம்.) மூன்று கால்களும் அகல விரிய வேண்டும், ஆனால் அடிச்சட்டம் தரையை விட்டு எழும்பும் அளவுக்கு அல்ல. இவையெல்லாம் சரியான ஆலோசனைகள்தான். அந்தச் சரியான ஆலோசனைகளின் முடிவில் கனமானதை வாங்கினேன். பையன் மெலிசானதைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். "கனமா இருந்தாத்தான் நிக்கும்" என்றேன். தலையாட்டினான்.

கனமே ஸ்திரம் என்ற நம்பிக்கை எனக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். தேக்குக் கட்டில், இரும்புப் பீரோ, பென்ஷன் உள்ள உத்தியோகம் என்று வாழ்ந்த வீட்டில் வளர்ந்தவன் நான். அசையாத சொத்து என்ற சட்டச் சொல்லே எங்களுக்கு ஒரு மந்திரம் மாதிரி.

அன்று சாயங்காலமே ஸ்டாண்டு நகர்ந்தது. பத்து நிமிஷ வாசிப்பில் ஒரு சாண். காரணம் எளிது. மிதிபலகை சாய்வானது, கால் அதை வெறுமே கீழே அழுத்துவதில்லை, கொஞ்சம் முன்னாலும் தள்ளுகிறது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு நூல் அளவு. அடிச்சட்டத்தில் தரையைக் கவ்வுவதற்கென்று இரண்டு கூர்முனைகள் உண்டு. அவை கம்பளத்தைக் கவ்வும், சிமெண்டைக் கவ்வாது. அந்த மாடியில் கடற்கரை மணல் எப்போதும் மெல்லியதாகப் படிந்திருக்கிறது, ஒவ்வொரு மணலும் ஓர் உருளை. எத்தனை கிலோவானாலும் உருளும். வாசிக்கிறவன் ஓடுகிற வாத்தியத்தைத் துரத்தி இடது காலை நீட்டிக்கொண்டே போவான். இடுப்பு திரும்பும், வலது கால் தன் இடத்தை இழக்கும், கடைசியில் தாளமே பிசகும்.

நான் மறுநாள் ஒரு மரச்சட்டமும் நாலு கான்கிரீட் ஆணிகளும் கொண்டுபோய், ஸ்டாண்டின் கால்களுக்கு முன்னால் மாடித் தளத்தில் அறைந்தேன். மேடைக்காரர்கள் செய்கிற காரியம்தான். ஸ்டாண்டு ஒரு இம்மிகூட அசையவில்லை. அன்று நான் நடந்து வீடு திரும்பியது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு நல்ல விமர்சனக் கட்டுரை முடித்தவன் போல நடந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மொட்டைமாடிக்கு நேர் கீழே, மூன்றாம் மாடியில், தனியாக இருக்கும் ஓர் ஆயா. மீன் விற்கிறவர். அவர் அறையில் கூரை ஒழுகியது, சரியாக நாலு இடத்தில். பையனை அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் படியில் பார்த்தபோது கேட்டார்: "உங்க ஆணிக்கு என் வூடுதான் ஆப்டுச்சா சார்?"

நான் அறைந்தது என் தரையில் அல்ல, அவருடைய கூரையில் என்பது அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை. தெரியாது என்று சொல்ல முடியாது. மாடிக்குக் கீழே வீடு இருக்கும் என்பது யாருக்குத்தான் தெரியாது? தெரிந்தது எனக்குள் தோன்றாமல் போயிற்று. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நம் தவறுகளில் பாதி நடக்கின்றன என்று நினைக்கிறேன். நிற்க ஓர் இடம் கிடைத்தால் பூமியையே பெயர்த்துவிடுவதாக ஆர்க்கிமிடீஸ் சொன்னதாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த இடத்தில் ஏற்கனவே யார் இருந்தார்கள் என்று வகுப்பில் எவரும் கேட்கவில்லை.

அதே ஆயா 2023 ஏப்ரலில் லூப் சாலையோரம் கடை போட்டிருந்தவர்களில் ஒருவர். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து, மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகுகளைச் சாலையில் கொண்டுவந்து போட்டு மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் அதே சாலையில் புது மீன் அங்காடி திறக்கப்பட்டது. உள்ளே இடம் எண் போட்டுப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் முன்னால், 1985-ல், மெரினாவை அழகாக்குவதற்காகப் படகுகளையும் வலைகளையும் எடுக்கச் சொன்னபோது துப்பாக்கிச் சூடு வரை போயிற்று. அந்தச் சாலையில் காலையில் நடக்கிறவர்களில் நானும் ஒருவன். நடைக்கு இடைஞ்சலில்லாமல் சாலை இருக்க வேண்டும் என்று நான் விரும்பியதுண்டு. ஒழுங்கு, சீர், தாளம் எல்லாம் எனக்குப் பிடித்த விஷயங்கள். அவை யார் தலைக்கு மேல் அறையப்படுகின்றன என்பது வேறு கேள்வியாகவே இருந்துவந்தது.

தத்துவம் படித்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். நாலு ஆணியைப் பெரிதாக்குகிறாய் என்றார். எந்த அஸ்திவாரமும் யாரோ ஒருவருடைய மண்ணைத் தோண்டித்தான் போடப்படுகிறது. காயமில்லாமல் எதையும் நிறுத்த முடியாது. கேள்வி அளவைப் பற்றியது மட்டுமே என்பது அவர் வாதம். எனக்குப் பதில் தெரியவில்லை. வாதம் பலமாகத்தான் இருந்தது. ஆனால் காயம் தவிர்க்க முடியாதது என்பதை எப்போதும் காயம் படாதவர்களே கண்டுபிடிக்கிறார்கள் என்ற சந்தேகம் மட்டும் தீரவில்லை.

பதில் மாதிரி ஒன்றைப் பையனின் தகப்பனார் செய்தார். அவர் பதிலாக அதைச் செய்யவில்லை, ஆணிகளைப் பிடுங்கியாக வேண்டியிருந்ததால் செய்தார். மகனைப் பார்த்து, "யாரு ஒதைக்கிறது? நீதானே? அப்ப நீ குந்துற ஸ்டூல்லயே கட்டு. அடுத்தவன் தலையில இன்னாத்துக்கு ஆணி?" என்றார். வலைக்கயிறு ஒரு முழம் எடுத்து ஸ்டாண்டின் அடிச்சட்டத்தை ஸ்டூலின் காலோடு பிணைத்தார். கீழே ஒரு பழைய கயிற்றுப்பாயை விரித்தார். முடிந்தது.

இதன் சூட்சுமத்தை உட்கார்ந்து யோசித்துப் புரிந்துகொண்டேன். கால் ஸ்டாண்டை எவ்வளவு முன்னால் தள்ளுகிறதோ, அவ்வளவு வாசிக்கிறவனைப் பின்னால் தள்ளுகிறது. ஆணி அடித்தபோது முன்னால் போன விசையைக் கூரை வாங்கிக்கொண்டது. கயிறு கட்டிய பிறகு ஸ்டாண்டு முன்னால் ஓட ஸ்டூலை இழுத்தாக வேண்டும். ஸ்டூல்மேல் அவனே உட்கார்ந்திருக்கிறான். தள்ளுகிறவனே பிடித்துக்கொள்கிறவன். விசை அவனிடம் தொடங்கி அவனிடமே வந்து முடிகிறது, கீழ்வீட்டுக்குப் போவதில்லை. கட்டுமரத்தில் மரங்களை ஆணி அறைந்து சேர்ப்பதில்லை, கயிற்றால்தான் கட்டுகிறார்கள். அலையில் அது கொஞ்சம் நெகிழும், நெகிழ்வதால் பிளக்காது. இன்று அங்கே பெரும்பாலும் பைபர் படகுகள்தான்; ஆனால் கைகளுக்கு அந்த முடிச்சு மறக்கவில்லை.

கயிற்றுக்கும் ஒரு விலை உண்டு. பையன் முன்போல நினைத்தபடி ஸ்டூலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள முடியாது. கனத்தைக் காலில் போட்டுச் சோம்பலாக முன்னால் சரிந்தால் ஸ்டூல் லேசாகிக் கயிற்றோடு போகும். நேராக உட்கார வேண்டும். பெரிய டிரம் இன்னும் நகர்கிறது, அதற்கு வேறு கயிறு. இரண்டு வாரம் திட்டிக்கொண்டே வாசித்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். தை மாதம் போனபோது மாடியில் என் ஸ்டாண்டு இல்லை. ஒற்றைப் பட்டை வைத்த மெலிசான ஸ்டாண்டு நின்றது, அதே கயிற்றோடு. கேட்டேன். "கனம் சார் அது. மூணு மாடி ஏத்தி எறக்கணும், ஷேர் ஆட்டோல எடம் கேக்கணும்" என்றான். கொடுத்துவிட்டு இதை வாங்கி, மீதிப் பணத்தில் கொத்தனாரைக் கூப்பிட்டு ஆயாவின் கூரையை அடைத்திருக்கிறான். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க வாங்கிக் குட்த்தது சார், எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. நான் கொடுத்த பொருளை மாற்ற இவன் யார் என்ற கோபம். கொடுத்த பிறகும் ஒரு நுனி என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டோடு கூட அவனுடைய தேர்வையும் நானே வாங்கியிருந்தேன். அவன் கடையில் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது அப்போது ஞாபகம் வந்தது. எடை பார்த்திருக்கிறான், படிகளை எண்ணியிருக்கிறான், என் முகத்தையும் பார்த்திருக்கிறான். என் ஆணியின் செலவையும் கடைசியில் என் பணத்தைக் கொண்டே தீர்த்திருக்கிறான் என்று கணக்குப் போட்டால் கோபத்துக்கு இடமில்லை. கணக்குப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் இருந்தது.

வாசித்துக் காட்டினான். மெலிசான ஸ்டாண்டின் உச்சியில் தட்டுகள் லேசாக ஆடின. கயிறு விறைத்துத் தளர்ந்து விறைத்தது. 'சிக்' ஓசை மிகச் சரியாக வந்தது. எழுந்து பக்கத்தில் போய்ப் பார்க்கலாமென்று நடந்தேன். "பாத்து சார்" என்றான். சிமெண்டு பூசிய இடத்தில் ஆயா கருவாடு காயப்போட்டிருந்தார். சுற்றிக்கொண்டு போனேன்.