நாவு சொன்ன மாகாணமும் நெஞ்சு நினைத்த மாகாணமும்



பொய் சொல்லலாகாது என்பது நம்முடைய சிறு பிள்ளைகளும் ஞானோபதேச வகுப்பிலே கற்றுக்கொண்ட பாடம். நடந்ததை நடக்கவில்லை என்பதும், இருப்பதை இல்லை என்பதும் பொய். இதிலே எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இனி நடக்கப்போவதைப் பற்றி ஒருவன் சொல்லும் வார்த்தை எப்போது பொய்யாகிறது? "இன்ன இடத்தில் வாழ எண்ணியிருக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டவன், பின்பு வேறோர் இடத்தில் வாழ்ந்தால் அவன் பொய்யனா? கனடாவிலே குடிவரவு விண்ணப்பம் செய்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. இரவு உணவு முடிந்த பிறகு மேசையைத் துடைத்துவிட்டு, படிவத்தை விரித்து வைத்தவுடன் எழுகிற கேள்வி.

ஒரு குடும்பத்தை மனத்திலே வைத்துக்கொள்வோம். இளைஞன் ஒருவனைச் சஸ்காச்சுவான் மாகாணம் தனக்கு வேண்டிய தொழிலாளி என்று நியமித்திருக்கிறது. ஆனால் அவனுடைய அக்காள் குடும்பம் இருப்பது ரொறன்ரோவில். கூடுதல் சம்பளத்துக்கு வேலை தருவதாக ஒரு கம்பெனி அழைப்பதும் அங்கேதான். எந்த மாகாணத்தில் வாழ எண்ணுகிறீர் என்று படிவம் கேட்கிறது. பேனா நிற்கிறது.

"எழுது தம்பி. கார்ட் வருமட்டும்தானே? பிறகு ஆர் வந்து பாக்கப்போகினம்? எல்லாரும் உப்பிடித்தான் எழுதுகினம்" என்கிறார் அத்தான்.

"இல்லை அத்தான், நான் அங்கை இருக்கப்போறதில்லை எண்டு எனக்கு இப்பவே தெரியுமே" என்கிறான் தம்பி.

அத்தான் கெட்ட மனிதர் அல்லர். தாம் வந்த நாளில் பட்ட பாட்டை மைத்துனன் படக்கூடாது என்ற அன்பினாலேதான் பேசுகிறார். தம்பியும் வீண் சந்தேகம் பிடித்தவன் அல்லன். இருவருடைய பேச்சையும் நிறுத்துப் பார்ப்பது நமக்கு நல்லது.

முதலிலே சட்டம் என்ன கேட்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டமே குடிவரவை மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் பொதுவான விஷயமாக வைத்தது. புதிதாக வருகிறவர்களில் பெரும் பகுதியினர் ரொறன்ரோ, மொன்றியால், வன்கூவர் ஆகிய பெரு நகரங்களிலேயே தங்கிவிட, மற்ற மாகாணங்கள் ஆளில்லாமல் தவித்தன. ஆகவே 1990களின் பிற்பகுதியில் மாகாண நியமனத் திட்டம் பிறந்தது. மனிற்றோபா அதிலே முன்னோடி. இன்று கியூபெக், நுனாவுட் ஆகிய இரண்டும் தவிர, மற்ற எல்லா மாகாணங்களுக்கும் பிரதேசங்களுக்கும் இத்திட்டம் உண்டு. கியூபெக்கோ 1991ஆம் ஆண்டு மத்திய அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, தொழில் வழியாக வருகிறவர்களைத் தானே தேர்ந்தெடுக்கிறது.

ஒரு மாகாணம் நியமித்தவருக்கு, 2015இல் தொடங்கிய விரைவு நுழைவு முறையிலே 600 புள்ளிகள் சேருகின்றன. மற்றவர்களை ஒரே அடியாய்த் தாண்டிச் செல்ல அது பெரும்பாலும் போதும். இந்தப் பெரிய சலுகைக்குப் பதிலாகச் சட்டம் கேட்பது இதுதான்: நியமித்த மாகாணத்திலே வாழும் எண்ணம் உமக்கு இருக்க வேண்டும். எண்ணத்தை எந்த அதிகாரியும் கண்ணால் காண முடியாது. வாடகைப் பத்திரம், வேலைக் கடிதம், மனைவி மக்கள் இருக்கும் இடம் முதலியவற்றைக் கொண்டு அவர் ஊகிக்கலாம். ஆயினும் கடைசியிலே அவர் மனிதனுடைய சொல்லைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். இதிலே மூன்று வகை மனிதரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாமவர், ஒரு மாகாணத்திலே வசித்து இன்னொரு மாகாணத்திலே வேலை செய்கிறவர். இவரை உடனே குற்றவாளி என்று சொல்லிவிடக் கூடாது. ஒட்டாவா ஆற்றின் தென்கரையிலே ஒன்ராறியோவைச் சேர்ந்த ஒட்டாவா நகரமும், வடகரையிலே கியூபெக்கைச் சேர்ந்த கற்றினோ நகரமும் இருக்கின்றன. காலையிலே பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய், மாலையிலே பாலத்தைக் கடந்து வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். லொயிட்மின்ஸ்டர் என்ற ஊரிலோ அல்பேர்ட்டாவுக்கும் சஸ்காச்சுவானுக்கும் நடுவான எல்லைக்கோடு ஊரின் நடுத்தெருவாகவே ஓடுகிறது. தெருவுக்கு மேற்கே படுத்துறங்கி, கிழக்கே உழைப்பதில் என்ன பாவம்? வரிச் சட்டமும் இத்தகையவர்களை அறிந்தே இருக்கிறது. சம்பளக்காரர் டிசம்பர் 31ஆம் தேதி எந்த மாகாணத்திலே வசிக்கிறாரோ, அந்த மாகாணத்துக்கே அவர் மாகாண வருமான வரி செலுத்துகிறார்.

ஆனால் விண்ணப்பம் முடிவாகாத காலத்திலே இந்தச் சின்னப் பாலமும் பெரிய காரியமாகிவிடலாம். மத்திய அரசின் தொழில் திறனாளர் பிரிவிலே விண்ணப்பிக்கிறவர், கியூபெக்குக்கு வெளியே வாழ எண்ணுவதாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன ஒருவர், வாடகை குறைவென்று கற்றினோவிலே வீடெடுத்துக்கொண்டு ஒட்டாவாவிலே வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குத்தகை முடிந்ததும் ஆற்றைக் கடந்து வந்துவிடுவதாய் அவர் உண்மையாகவே தீர்மானித்திருந்தால், அவர் சொன்னது பொய் அல்ல. அந்தத் தீர்மானத்தை அவர் ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை. தம்முடைய உண்மையான விலாசத்தை எழுதி, காரணத்தையும் சேர்த்து எழுதிவிடலாம். நண்பர் வீட்டு விலாசத்தை இரவல் வாங்கி எழுதும்போதுதான், குற்றமில்லாத காரியம் குற்றமுள்ளதாகிறது.

இரண்டாமவர், உண்மையாகவே ஓரிடத்திலே வாழ எண்ணி, பிறகு மனம் மாறினவர். அர்ச்சியசிஷ்ட தோமாஸ் அக்குயினாஸ் பொய்யைப் பற்றி ஆராயுமிடத்தில் இவரைப் பற்றியும் விசாரித்திருக்கிறார். வாக்குக் கொடுக்கும்போது அதை நிறைவேற்றும் மனம் இருந்தால் அவன் பொய் சொல்லவில்லை என்பது அவர் தீர்ப்பு. பிறகு நிறைவேற்றாமல் விட்டால் வாக்குத் தவறியவனாகத் தோன்றுவான். ஆயினும் ஆட்களின் நிலையோ காரியத்தின் நிலையோ மாறிவிட்டால் அவனுக்கு மன்னிப்பு உண்டு. வேலை தந்த கடை மூடப்படுகிறது. பிள்ளைக்கு நோய் வந்து பெரிய ஆஸ்பத்திரி தேவைப்படுகிறது. மனைவிக்கு அந்த ஊரிலே எங்கும் வேலை அகப்படவில்லை. இப்படிப்பட்டவர் நிரந்தர வதிவிட உரிமை பெற்ற பின்பு வேறு மாகாணத்துக்குப் போனால், அவர்மேல் கல்லெறிய நமக்கு உரிமை இல்லை. 1982ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம், குடியுரிமை உள்ளவருக்கு மட்டுமன்றி நிரந்தர வதிவிட உரிமை உள்ளவருக்கும் எந்த மாகாணத்திலும் போய் வசிக்கவும் பிழைக்கவும் சுதந்திரம் தருகிறது.

ஆனால் மாற்றம் உரிமை கிடைக்கும் முன்பே நேர்ந்தால், காரியம் வேறு. முக்கியமான விவரம் மாறியதை அதிகாரிகளுக்கு அறிவிப்பது விண்ணப்பகாரரின் கடமை. நியமனத்தைத் திரும்பப் பெற மாகாணத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பயத்தினாலேதான் பலர் வாய்திறவாமல் இருக்கிறார்கள். பயம் இயற்கையானது. ஆனாலும், நேற்று உண்மையாயிருந்த வார்த்தை இன்று உண்மையல்லவென்று தெரிந்த பிறகும் அதன்மேலேயே வீட்டைக் கட்டிக்கொண்டு போவது நேர்மை ஆகாது.

மூன்றாமவர் நம்முடைய தம்பி. அவன் மனம் மாறவில்லை. அவனுக்கு அந்த எண்ணம் தொடக்கத்திலிருந்தே கிடையாது. "சஸ்காச்சுவானில் வாழ எண்ணுகிறேன்" என்று கையால் எழுதி, "கார்ட் வருமட்டும்" என்று நெஞ்சுக்குள்ளே சேர்த்துக்கொள்ளும்படி அத்தான் சொல்கிறார். இந்த உபாயம் புதியதன்று. பாதியை வாயால் சொல்லி, மீதியை மனத்துக்குள் அடக்கிக்கொண்டால் பொய்யாகாது என்று முற்காலத்திலே வாதித்தவர்கள் உண்டு. 1679ஆம் ஆண்டிலே பதினோராம் இன்னொசென்ட் பாப்பரசர் அந்த வாதத்தைக் கண்டித்துத் தள்ளினார். கேட்கிறவர் எவ்வழியாலும் அறிய முடியாத ஒன்றை உள்ளே ஒளித்துக்கொண்டு பேசினால், பேச்சு என்பதே மனிதருக்குள் உதவாமற் போய்விடும் அல்லவா? நாம் வாங்குகிறவர்களாயிருந்து, கடைக்காரர் "நல்ல அரிசி" என்று சொல்லிவிட்டு, "கோழிக்கு" என்று மனத்துக்குள் சேர்த்துக்கொண்டால் நாம் பொறுப்போமா?

"பிறகு எங்கும் போகலாம் என்று சாசனமே சொல்கிறதே" என்று சிலர் வாதிப்பார்கள். சாசனம் தருவது போகிற உரிமையை. போகமாட்டேன் என்று சொல்லி அந்த உரிமையை வாங்கும் வழியை அது தரவில்லை. பெற்ற பின் உள்ள சுதந்திரம், பெறுவதற்காகச் சொன்ன பொய்யைக் கழுவாது.

"எல்லாரும் செய்கிறார்களே" என்பது அடுத்த வாதம். எல்லாரும் செய்கிறார்கள் என்பது உண்மையல்ல. எத்தனையோ குடும்பங்கள் வினிபெக்கிலும் ரெஜைனாவிலும் மொங்ரனிலும் உறைபனிக் காலத்தைப் பொறுத்து, அங்கேயே வேரூன்றியிருக்கின்றன. அவர்கள் பேசப்படுவதில்லை, அவ்வளவுதான்.

"இதனால் யாருக்கு நஷ்டம்?" என்பதுதான் பலமான வாதம். நஷ்டப்படுகிறவர் முகம் தெரியாதவராயிருப்பதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. நியமன இடங்கள் ஆண்டுதோறும் எண்ணிக் கொடுக்கப்படுகின்றன. 2025ஆம் ஆண்டு தொடக்கத்திலே மாகாணங்களுக்குக் கிடைத்த ஒதுக்கீடு ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டது. வாழ எண்ணமில்லாத ஒருவன் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளும்போது, அங்கேயே வாழ மனதார விரும்பிய வேறொருவன் வெளியே நிற்கிறான். அவனுக்கும் மனைவி மக்கள் உண்டு. தாதி வருவாள் என்று காத்திருந்த சிறிய ஊரின் முதியோர் இல்லமும் ஏமாறுகிறது. நமக்குப் பின்னே வரப்போகும் நம்மவரும் நஷ்டப்படுகிறார்கள். முன்னே வந்தவர் சொல்லில் நிற்கவில்லை என்று கண்ட அதிகாரி, பின்னே வருகிறவரின் உண்மையையும் சந்தேகத்தோடுதானே பார்ப்பார்?

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முக்கியமான விஷயத்திலே உண்மைக்கு மாறாகச் சொன்னவர் 5 ஆண்டுகளுக்கு அனுமதி மறுக்கப்படலாம். கிடைத்த உரிமையும் பின்னாளில் பறிபோகலாம். ஆயினும் இந்தப் பயத்தை நம் முதல் நியாயமாக வைக்கலாகாது. பிடிபடாத பொய்யும் பொய்தான். அதற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு விலை உண்டு. "ஆராவது கேட்டால் நாங்கள் அங்கைதான் இருக்கிறம் எண்டு சொல்லு பிள்ளை" என்று தாய் சொல்லிக்கொடுக்க வேண்டி வரும் நாளிலே, எட்டாம் கற்பனையைப் பிள்ளைக்கு யார் படிப்பிப்பது?

அப்படியானால் தம்பி என்ன செய்யலாம்? வழி இல்லாமல் இல்லை. நியமித்த மாகாணத்துக்கே போய், அங்கே வாழ்ந்துதான் பார்ப்போம் என்று உண்மையாகவே தீர்மானிக்கலாம். எத்தனை வருஷம் என்று எண்ணத்துக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை. வீடு பார்த்து, பிள்ளையைப் பள்ளியிலே சேர்த்து, அந்த ஊரைத் தன் ஊராக்கிக்கொள்ள முயலும் மனம் இருந்தால் போதும். அந்த மனம் வரவில்லையானால், புள்ளிகள் குறைந்தாலும் வேறு பிரிவிலே விண்ணப்பிக்கலாம். காலம் நீளும், ஆனால் நித்திரை வரும். தற்காலிக வேலை அனுமதியிலே இருக்கிறவர் வேறு மாகாண வேலையை ஏற்குமுன், அந்த அனுமதி எந்த முதலாளிக்கு, எந்த இடத்துக்கு என்று வாசித்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால், காட்டிக்கொடுக்கமாட்டார் என்பதற்காக உறவினரையும், எதையும் எழுதித் தருவார் என்பதற்காகத் தரகரையும் தேடாமல், அனுமதி பெற்ற சட்டத்தரணியிடமோ ஆலோசகரிடமோ முழு உண்மையையும் சொல்லிக் கேட்பது புத்தி.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுக் கலங்குகிறவர்களும் நம்மிடையே இருக்கலாம். அவர்களைப் பார்த்து விரல் நீட்டுவதற்கு இதை எழுதவில்லை. யுத்தத்தினாலும் வறுமையினாலும் துரத்தப்பட்டு வந்தவர்களுக்குப் படிவத்தின் ஒரு வரி அற்பமாய்த் தோன்றியிருக்கலாம். விண்ணப்பம் இன்னும் முடியவில்லையானால், தக்க ஆலோசனையோடு திருத்திக்கொள்ள வழி தேடட்டும். அயல்வீட்டாரின் கதையைச் சந்தியிலே நின்று அளப்பவர்களோ, தங்கள் நாவும் அதே கற்பனைக்கு உட்பட்டது என்பதை நினைக்கட்டும்.

அத்தான்மாருக்கும் ஒரு வார்த்தை. முன்னே வந்தவர்களுடைய பேச்சை, பின்னே வருகிறவர்கள் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு இளைஞனுடைய முதல் கையெழுத்து இந்தத் தேசத்திலே எப்படி அமைகிறது என்பது பல வேளைகளில் உங்கள் ஆலோசனையைப் பொறுத்தது. "எழுது தம்பி" என்று சொல்லுமுன், "நீ உண்மையாய் எங்கை இருக்க நினைக்கிறாய்?" என்று ஒரு தரம் கேளுங்கள். அவன் சொல்லும் மறுமொழியிலிருந்து படிவத்தை நிரப்பத் தொடங்கினால், ஆறு எந்தப் பக்கமாய் ஓடினாலும், வீடு எந்தக் கரையிலே இருந்தாலும், அவன் நிம்மதியாய்ப் பாலத்தைக் கடப்பான்.