கிண்ணத்தில் வந்த மரியாதை

சிங்கப்பூரில் சீனக் கல்யாண விருந்து அழைப்பிதழில் ஏழு மணி என்று போட்டிருந்தால் முதல் தட்டு வர எட்டரை ஆகும். இது தெரியாமல் 2011இல் ஒரு சனிக்கிழமை ஆறே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை பார்த்தவனுக்குக் கல்யாணம். பெரிய ஹோட்டல் ஒன்றுக்குள் இருந்த சீன உணவகம். சிவப்புத் துணி விரித்த வட்ட மேசைகள், மேசைக்குப் பத்துப் பேர், நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. வாசலில் ஒருவர் சிவப்பு உறைகளை வாங்கிப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். நம்ம ஊர் மொய் நோட்டேதான். உறையில் எவ்வளவு வைப்பது என்று அலுவலகத்தில் கேட்டபோது, "எந்த ஹோட்டல்?" என்று திருப்பிக் கேட்டார்கள். ஒரு நாற்காலிக்கு அந்த ஹோட்டல் என்ன விலை வாங்குகிறதோ அதற்குக் குறையாமல் வைக்க வேண்டுமாம். இவ்வளவு பட்டவர்த்தனமான கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் ஆறிய பதார்த்தங்கள் அடுக்கிய பெரிய தட்டு. இரண்டாவதாகச் சுறாத் துடுப்பு சூப். பணிப்பெண் ஒரு பெரிய பாத்திரத்திலிருந்து சின்னக் கிண்ணங்களில் ஊற்றி ஆளுக்கொன்றாக வைத்தார். கொழகொழவென்ற பழுப்புக் குழம்பில் கண்ணாடி நரம்புகள் போல இழைகள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமைத்த நிலையில் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சமைக்காத நிலையில் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

என் ஊர் தூத்துக்குடிக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு ஒரு கருவாட்டுக் கிடங்கில் எடை போட்டுக் கணக்கு எழுதும் வேலை. எங்கள் கரையில் சுறா முழுசாகத்தான் வரும். கறி ஒரு பக்கம் போகும், செட்டை தனியாக ஒரு பக்கம் போகும். முதுகுச் செட்டை ஒன்று, பக்கச் செட்டை இரண்டு, வாலின் கீழ்ப்பாதி. இந்த நாலும் சேர்ந்தால் ஒரு செட். மொட்டைமாடியில் பாய் விரித்துக் காயப்போடுவார்கள். ஸ்கூல் விட்டு வந்து காக்கா விரட்டுவது என் வேலை. காய்ந்ததும் சாக்கில் கட்டி ஏஜெண்டுகள் கொண்டுபோவார்கள். எங்கே போகிறது என்று கேட்டால், "சைனாக்காரன் சூப்பு வெப்பான்" என்பார் அப்பா. கறியைவிடப் பல மடங்கு விலை. என் ஸ்கூல் ஃபீஸ் அந்தச் சாக்குகளுக்குள் இருந்துதான் வந்தது.

மேசைக்கு வருகிறேன். எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த சக ஊழியப் பெண் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவைத்தாள். கூடைப்பந்து வீரர் யாவ் மிங், இனி துடுப்பு சூப் குடிக்கமாட்டேன் என்று 2006இல் அறிவித்தவர். அவரைப் பார்த்து அங்கே ஒரு தலைமுறையே மாறத் தொடங்கியிருந்தது. இவளும் சீனப் பெண்தான். அதே 2006இல் வந்த ஓர் ஆய்வு, ஆண்டுதோறும் சந்தைக்கு வரும் துடுப்புகள் 2.6 கோடியிலிருந்து 7.3 கோடி வரையிலான சுறாக்களுடையவை என்று மதிப்பிட்டிருந்தது. நடுக்கடலில் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு, உயிரோடு இருக்கும் உடலைத் தண்ணீரில் தள்ளிவிடும் படகுகள் உண்டு. கறிக்கு விலை குறைவு, படகில் இடமும் குறைவு. நீந்த முடியாத சுறா அப்படியே மூழ்கிச் செத்துப்போகும். இதெல்லாம் எனக்கும் தெரியும்.

அதே மேசையில் இன்னும் இரண்டு பேர் அந்த சூப்பைக் குடிக்கவில்லை. ஒருவர் மலாய் முஸ்லிம், அவருக்கு ஹலால் சாப்பாடு தனியாக வந்தது. இன்னொருவர் பௌத்த விரதம் இருந்த அத்தை, அவருக்குச் சைவம். இவர்கள் இருவரையும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஏற்பாடே அவர்களுக்காகச் செய்திருந்தது. ஆனால் அந்தப் பெண் கிண்ணத்தைத் தள்ளியதும் மேசையில் ஏதோ ஒன்று இறுகியது. ஒரு மாமா, "நல்லாத்தானே இருக்கு, குடியேன்மா," என்றார். அவள் சிரித்துச் சமாளித்தாள்.

இந்த வித்தியாசம் பல வருஷமாக என்னைக் குடைகிறது. மூன்று பேரும் ஒரே உணவைத்தான் மறுத்தார்கள். மதம் சொல்லி மறுத்தால் மரியாதை கிடைக்கிறது, மனசாட்சி சொல்லி மறுத்தால் ஏன் அவமதிப்பு ஆகிறது? எனக்குத் தோன்றுவது இதுதான். "எனக்கு ஆகாது" என்பது என்னைப் பற்றிய வாக்கியம். "இது கூடாது" என்பது உங்களைப் பற்றிய வாக்கியம். முன்னதைச் சொல்பவர் உங்கள் வீட்டில் தன் வேலியோடு உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். பின்னதைச் சொல்பவர், வாயைத் திறக்காவிட்டாலும், உங்கள் அடுப்பைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறார். அதனால்தான் மனசாட்சிக்காரர்கள் பலர் "அலர்ஜி" என்று பொய் சொல்லித் தப்பிக்கிறார்கள். கூடாது என்பதை ஆகாது என்று மொழிபெயர்த்துவிடுவது. நாகரிகமான பொய். ஆனால் அதில் மனசாட்சி செய்ய வேண்டிய வேலை முழுக்கக் காணாமல்போகிறது.

குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தைத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். பத்துக் குறளும் விருந்து படைப்பவரை நோக்கியே பேசுகின்றன. படைப்பவரின் முகம் கோணினால் விருந்தாளி வாடிவிடுவான் என்கிறார் வள்ளுவர். விருந்தாளியின் முகம் கோணினால் படைத்தவர் என்ன ஆவார் என்று ஒரு குறளும் இல்லை. புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரம் இருக்கிறது. ஆனால் ஒருவர் அன்போடு பரிமாறிய புலாலின் முன்னால் எப்படி உட்காருவது என்பதற்கு வழி இல்லை. இரண்டு அதிகாரங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலே இருக்கின்றன.

சூப்பிலேயே ஒரு விசித்திரம் உண்டு. துடுப்பு இழைக்குச் சொந்தமாக ருசியே கிடையாது. கிழட்டுக் கோழி, உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடை, உலர்ந்த சிப்பிச் சதை இவற்றை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுக்கும் சாறில்தான் ருசி. இழை தருவது பல்லில் படும் ஒரு நொறுநொறுப்பு மட்டும். அப்படியென்றால் காசு எதற்கு? காசுக்குத்தான் காசு. அதன் விலைதான் அதன் ருசி. 'உனக்காக நான் இவ்வளவு செலவழித்தேன்' என்பதை வாய்க்குள் வைக்கக்கூடிய வடிவில் தருவது.

இதைக் கிண்டல் செய்வது எளிது. 18ஆம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார்கள். கவிஞர் யுவான் மெய் 1792இல் வெளியிட்ட தன் சமையல் நூலில் 'காதால் உண்பது' என்று ஒரு குற்றத்தைச் சொல்கிறார். பொருளின் பெயருக்காகச் சாப்பிடுவது. ஓர் அதிகாரி வீட்டு விருந்தில் பெரிய கிண்ணம் நிறைய வெறுமனே வேகவைத்த பறவைக்கூட்டை வைத்தார்களாம். எல்லோரும் புகழ, இவர் மட்டும், பகட்டுத்தான் நோக்கம் என்றால் கிண்ணத்தில் முத்துகளைக் கொட்டியிருக்கலாமே என்கிற பொருளில் கேலி செய்கிறார். படித்துச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது. நான்ஜிங்கில் தோட்டமும் கைதேர்ந்த சமையற்காரரும் வைத்திருந்த மனிதர் அவர். ருசியை மட்டும் பார் என்று சொல்ல, ருசியைத் தவிர வேறெதையும் நிரூபிக்க வேண்டாத வாழ்க்கை வேண்டும்.

ஏனென்றால் அன்று அந்த சூப்பைக் கொடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் அப்பா, ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர். மகன் துடுப்பு வேண்டாம் என்று எவ்வளவோ சண்டை போட்டான். அலுவலகத்தில் வந்து புலம்பியிருக்கிறான். "சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிப்பேன்" என்று அப்பா ஒரே பிடியாக நின்றுவிட்டார். விருந்து மேசைக் கணக்கில் விற்கப்படுகிறது. பத்துப் பேரில் ஒருவர் குடிக்காவிட்டால் ஒரு சுறாகூடப் பிழைப்பதில்லை. ஒழுக்கம் சார்ந்த முடிவு ஒன்று எங்காவது எடுக்கப்பட்டது என்றால், அது மாதக்கணக்குக்கு முன் மெனு அட்டையில் டிக் போட்ட நாளில். நாங்கள் பத்துப் பேரும் அந்த முடிவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவர்கள். இந்தத் தர்க்கம் கணக்காகச் சரி. ஒவ்வொரு மேசையும் இதையே சொல்லிக்கொண்டுதான் குடிக்கிறது என்பதும் சரி.

பெரியவர் மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். எங்களிடம் வந்தபோது என் கிண்ணம் அப்படியே இருப்பதைப் பார்த்தார். எனக்குச் சாப்பிடும் முறை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். கறுப்பு வினிகர் பாட்டிலை எடுத்து, நாலு சொட்டு விட்டு, மேலே வெள்ளை மிளகுத்தூள் தூவி, கரண்டியால் தானே கலக்கிக் கொடுத்தார். "எங்கப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு. இதை ஒரு தடவைகூட வாயில வெச்சதில்ல. சூடா இருக்கும்போதே குடி," என்றார், அவருடைய ஆங்கிலத்தில்.

குடித்தேன்.

எங்கப்பாவும் வாயில் வைத்ததில்லை. இதை எழுதும்போது கதைக்காகச் சேர்த்தது மாதிரி இருக்கிறது, ஆனால் அப்படித்தான். 2001 ஜூலையில் அரசு எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் பிடிக்கக் கூடாது என்று வனவிலங்குச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. கடற்கரைகளில் எதிர்ப்பு கிளம்பி, டிசம்பரில் பத்து இனங்களுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டார்கள். இடைப்பட்ட மாதங்களில் அப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் சட்டத்தைத் திட்டிக்கொண்டு வளர்ந்தவன். அந்த வீட்டிலிருந்து வந்தவன் ஹோட்டல் மேசையில் கிண்ணத்தைத் தள்ளிவைத்தால், தீர்ப்பு முதலில் யார் மேல் விழும்? பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு மறுக்கும் தகுதி இருந்தது, எனக்கு இல்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று அது பாதி உண்மை, பாதி சாக்கு என்று தோன்றுகிறது. தகுதி இல்லாதவன் மறுக்கவே கூடாது என்றால், விற்றுப் பிழைத்த எந்த வீட்டிலிருந்தும் ஒருவன் எக்காலத்திலும் மாறவே முடியாது.

அதற்குப்பின் காற்று வேகமாகத் திரும்பியது. ஹாங்காங்கின் பெனின்சுலா ஹோட்டல் 2012 ஜனவரியிலிருந்து துடுப்பை நிறுத்தியது. 2013 டிசம்பரில் சீன அரசு தன் அதிகாரிகளின் விருந்துகளில் துடுப்பையும் பறவைக்கூட்டையும் தடைசெய்தது. சுறா மேல் இரக்கப்பட்டதைவிட, ஊதாரித்தனத்தை அடக்கும் நடவடிக்கையாகத்தான் அது வந்தது. இந்தியா 2015 பிப்ரவரியில் துடுப்பு ஏற்றுமதியை நிறுத்தியது. அப்பா அதற்குமுன்பே வேலையை விட்டிருந்தார்.

சில வருஷம் கழித்து ஹாங்காங்கில் ஒரு வியாபார விருந்து. வாசலைப் பார்த்த இருக்கையில், அதாவது முக்கிய விருந்தாளி இடத்தில், என்னை உட்காரவைத்தார்கள். டீ ஊற்றும்போது நன்றிக்கு இரண்டு விரலால் மேசையைத் தட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். விருந்து கொடுத்தவர், கம்பெனி விதிப்படி துடுப்பு கிடையாது, மன்னிக்கணும் என்றார். அதற்குப் பதிலாக மீனின் உலர்ந்த காற்றுப்பை வந்தது. அதுவும் ருசியற்றது, அதுவும் சாறைக் குடித்து ஊறுவது, அதுவும் கொள்ளை விலை. உலகின் இன்னொரு மூலையில், கலிபோர்னியா வளைகுடாவில், டோட்டோவாபா மீனின் காற்றுப்பைக்காக விரிக்கும் வலைகளில் சிக்கி வாக்கிட்டா என்ற சின்னக் கடற்பன்றி இனம் அழிவின் விளிம்பில் நிற்கிறது. என் தட்டில் இருந்தது அந்த மீன் இல்லைதான். ஆனால் மரியாதைக்கு ஓர் அரிய பொருள் தேவைப்படுகிறது, ஒன்றை எடுத்தால் அடுத்ததன் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மறுநாள் ஷாம் ஷுய் போ பகுதியில், நின்றுகொண்டே சாப்பிடும் கடையில் இன்னொன்று குடித்தேன். 'வுன் ஜாய் ச்சீ', சின்னக் கிண்ணத் துடுப்பு என்று அர்த்தம். பெயரில் மட்டும்தான் துடுப்பு. உள்ளே பாசிப்பயறு சேமியா, காளான், முட்டை. காசில்லாதவர்களுக்காகத் தெருவில் பிறந்த சூப். வினிகரும் வெள்ளை மிளகும் போட்டுக் குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஹோட்டல் சூப்புக்கும் இதற்கும் என் நாக்கு பெரிய வித்தியாசம் எதையும் காணவில்லை. ஆனால் டாக்சிக்கார அப்பா தன் மகன் கல்யாணத்தில் இதை ஊற்றியிருக்க முடியுமா?

அந்த வருஷம் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்தது. ஊருக்குப் போயிருந்தேன். பச்சை உடம்புக்காரிக்குப் பால் ஊற வேண்டும் என்று அம்மா விடிகாலையிலேயே ஆள் அனுப்பிப் பால்சுறா வாங்கிவைத்திருந்தாள். வேகவைத்த சுறாவை அப்பா முற்றத்தில் உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தார், புட்டுக்கு உதிர்க்க. நான் பேச்சுவாக்கில் அந்தக் கல்யாண சூப்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

அப்பாவின் கை நின்றது. "நீ குடிச்சியால?"

"ஆமாப்பா."

"எப்படி இருந்துச்சு?"

ருசியே இல்லை என்பதுதான் பதில். முப்பது வருஷம் எடை போட்டவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நல்லா இருந்துச்சுப்பா."

"வெலைக்குத் தக்கன இருந்துச்சா?"

"இருந்துச்சு."

சரி என்பது போலத் தலையாட்டிவிட்டு, முள்ளைத் தனியாக எடுத்துவைக்கத் தொடங்கினார்.